மீசையில் ஒட்டிய மண்

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்வார்கள். எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். நிமிர்ந்து நிற்கும்போதே அவர் மீசையில் மண் ஒட்டியிருக்கும். காலையில் ஒட்டியது மத்தியானம்வரைக்கும் இருக்கும். யாராவது சுட்டிக்காட்டினால் நாக்கை மேலே நீட்டி அதையும் நக்கி உள்ளே இழுத்துக்கொள்வார். அதை முதல்முறை பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

கும்பகோணத்தில் உரக்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு எங்கள் காலனியில் வீடு கட்டிக்கொண்டு வந்தார். பொழுது போகாதவர்கள் பேப்பர் படிப்பார்கள், டீக்கடையில் உட்கார்ந்து ஆட்சியைக் கவிழ்ப்பார்கள். இவர் அடுத்தவர் வீட்டு மண்ணைத் தின்றார். தின்றார் என்பது அநியாயம் என்று அப்பா சொல்வார். வாயில் போட்டுக் குதப்பி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்று, பிறகு ‘த்தூ’ என்று துப்புவதுதான் அவர் வழக்கம். என் கணக்கில் அதுவும் தின்பதுதான். அந்தத் துப்பல் இருக்கிறதே, அது நாலு வீட்டுக்குக் கேட்கும்.

சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எவர்சில்வர் ஸ்பூன் வைத்திருப்பார். செடிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மேல்மண்ணைத் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கிற ஈர மண்ணில் ஒரு நுனி எடுத்து நாக்கில் வைப்பார். வேலை முடிந்ததும் ஸ்பூனை வேட்டியில் துடைத்துத் திரும்பப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு கல்யாணத்தில் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாயசம் வந்தது. ஸ்பூன் வைக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவர் கை மெதுவாகச் சட்டைப்பைக்குப் போவதைப் பார்த்தேன். இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கல்யாண வீட்டுக்காரர்கள் எனக்கு ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டார்கள்.

தெருவில் எல்லாரும் அவரை உரக்கடைக்காரர் என்றார்கள். என் அப்பா, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், அவரை ‘முதலாளி’ என்பார். நான் நேரில் ‘சார்’ என்பேன். மனசுக்குள் ‘மண்ணுதின்னி’.

என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். மண்ணில் என்ன இருக்கிறது, அது வாய்வழியாக உள்ளே போனால் என்ன ஆகும், எந்தப் புழு எங்கே போய்க் குடியிருக்கும் என்பதையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள். கையுறை போடாமல் என் வீட்டுக் குப்பைக்கூடையைக்கூடத் தொட மாட்டேன். கடவுள் பார்த்துப் பார்த்து அவரை எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் கொண்டுவந்து வைத்தார்.

அவர் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது அம்மாவின் இட்லிப்பூச் செடியால். எங்கள் காலனி ஒரு காலத்தில் வயல். கட்டட இடிசலைக் கொட்டித் தூர்த்து மனை போட்டார்கள். போர்த்தண்ணீர் உப்பு, வாளியில் ஒரு வாரம் பிடித்தால் உள்ளே வெள்ளையாகத் தோல் கட்டும். இட்லிப்பூச் செடிக்கோ கொஞ்சம் புளிப்பான மண் வேண்டும். இது அப்போது யாருக்கும் தெரியாது. வாசலுக்கு அழகு என்று எல்லா வீட்டிலும் வைத்தார்கள், எல்லா வீட்டிலும் மஞ்சள் விழுந்தது. இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். அம்மா தினமும் காலையில் அதன் முன்னால் நின்று உச்சுக்கொட்டுவாள். எங்கள் சொந்த ஊர் ஆலயத்தில் பீடத்துக்குப் பக்கத்து ஜாடியில் அந்தச் சிவப்புக் கொத்துதான் வைப்பார்களாம்.

அவர் கேட்டைத் திறந்துகொண்டு தானாகவே வந்தார். கேட்கவில்லை, கொள்ளவில்லை, உட்கார்ந்து தோண்டி வாயில் போட்டார்.

“சப்புனு சோப்புக்கட்டி மாதிரி இருக்கும்மா. உவரு. இதுல இட்லிப்பூ எப்படி வாழும்? சோத்தைப் போட்டு வாயைக் கட்டுன மாதிரி. சத்து இருக்கும், எடுத்துக்க முடியாது” என்று சொல்லிவிட்டு, வாசற்படிக்குப் பக்கத்திலேயே துப்பினார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா சிரித்துவிட்டாள். உள்ளே போய் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த மனிதர் முதல் வாய்க் காபியை ஊற்றி வாயைக் கொப்பளித்துச் செடியின் வேரில் உமிழ்ந்தார். காபியும் புளிப்புதான், வீணாகாது என்றார். மிச்சத்தை ரசித்துக் குடித்தார். அவர் போன பிறகு அந்த டம்ளரை நான் டெட்டால் போட்டு ஊற வைத்தேன். அப்பா அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். உரக்கடைக்காரருடையதைப் போன்ற பண்ணைக் குடும்பங்களில்தான் என் தாத்தா நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்.

“அந்தக் காலத்துல அவங்க வீட்டுல நமக்குத் தண்ணிய கையிலதான் ஊத்துவாங்க, சொம்பு படக்கூடாதுன்னு. இப்ப நீ அவரு வாய் வெச்ச டம்ளர ஊற வெக்கிற. நல்லாருக்கும்மா ஒலகம்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாதி பார்த்து வருகிற அருவருப்பு வேறு, புழு முட்டையைப் பார்த்து வருகிற அருவருப்பு வேறு என்று அப்பாவுக்கு நான் பாடம் எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

செடி தேறிவிட்டது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. புளித்த மோர், காபிச் சக்கை, நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அன்னபேதி உப்பு ஒரு சிட்டிகை, மாடியில் பிடித்த மழைத்தண்ணீர் என்று ஏதேதோ ஊற்றினார். ஒவ்வொரு தடவையும் மண்ணை வாயில் போட்டார், ஒவ்வொரு தடவையும் துப்பினார். அவர் எது செய்தாலும் பொறுத்துக்கொண்ட அம்மா இதை மட்டும் கேட்டாள்: “எல்லாம் செய்யுங்க சார். இந்தத் துப்புறத மட்டும் விட்ருங்க. ஜெபம் பண்ற வீடு.” சரிம்மா சரிம்மா என்று தலையாட்டிவிட்டுப் பழையபடி துப்பினார். கடைசிவரைக்கும் துப்புவதை அவரும் நிறுத்தவில்லை, அவருக்குக் காபி கொடுப்பதை அம்மாவும் நிறுத்தவில்லை.

இனி அந்த டிரம். அவர் வீட்டுக் கொல்லையில் நீல நிற பிளாஸ்டிக் டிரம் ஒன்று வைத்திருந்தார். கெட்டுப்போன மோர், பொங்கி வழிந்த இட்லி மாவு, ரசம் வைத்துப் பிழிந்த புளிச் சக்கை, எலுமிச்சைத் தோல் எல்லாம் அதற்குள் போகும். கல்யாண மண்டபங்களில் சமையல்காரர்களிடம் சொல்லி வைத்து, கேனில் வாங்கி மொபெட்டில் கட்டிக்கொண்டு வருவார். மூடியைத் திறந்தால் தெருவே மூக்கைப் பிடிக்கும். அழுகல் நாற்றம் ஒரு மாதிரி, புளித்த நாற்றம் ஒரு மாதிரி. இது, அந்த இரண்டும் கல்யாணம் பண்ணிக்கொண்டு பெற்ற பிள்ளை. ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். போதகர் கண்ணை மூடி, இந்த வீட்டின் மேல் உம்முடைய பிரசன்னம் இறங்கட்டும் என்று சொன்ன நேரம் காற்று திரும்பியது. ஒவ்வொரு மூக்காகச் சுருங்குவதைக் கண்ணைத் திறந்து வைத்திருந்த நான் மட்டும் பார்த்தேன். போதகர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு, செப்டிக் டேங்கைப் பார்க்கச் சொல்லி அப்பாவிடம் தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உரக்கடைக்காரர் வைத்தியம் எப்போதும் பலித்தது என்று நினைத்துவிடாதீர்கள். நான் மாடியில் தொட்டியில் வைத்திருந்த ரோஜாவை, நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஏறிப் பார்த்து, அன்னபேதியைக் கொட்டிக் கருக்கிவிட்டார். வந்து பார்த்தால் குச்சிதான் நிற்கிறது. கேட்டதற்கு, “கொஞ்சம் கூடிப்போச்சும்மா” என்றார். சோற்றில் உப்புக் கூடியதைச் சொல்கிற மாதிரி. தெருக் கடைசியில் ஒரு டீச்சர் கடன் வாங்கி வீடு கட்டிப் புதுமனை புகுந்த அன்று, வந்தவர்கள் எல்லாம் வீடு நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருக்க, இவர் தோட்டத்து மண்ணை வாயில் போட்டு, “செத்த மண்ணு. ஒண்ணும் வராது” என்று சொல்லித் துப்பினார். டீச்சர் அன்றைக்கு அழுதார். நல்ல நாளும் அதுவுமாக இப்படியா பேசுவது என்று அப்பாகூடக் கேட்டார். நாக்கில் பட்டதைச் சொன்னேன், நாக்கு பொய் சொல்லாது என்றார். நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும் என்று ஊரே சொல்கிறது. இவருக்கு உலகத்தில் நம்பிக்கை இருந்தது அந்த ஒன்றின் மேல்தான்.

நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். மண்ணில் நாய் போகிறது, பூனை போகிறது, அதன் முட்டைகள் கண்ணுக்குத் தெரியாது, உங்கள் வயிற்றுக்குள் குடித்தனமே நடந்துகொண்டிருக்கும் என்றேன். அவர் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் லேபில் நான் உட்கார்ந்திருக்கும் கவுன்டருக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு காபித்தூள் டப்பா. ஒன்றும் சொல்லாமல் என் முன்னால் வைத்தார். பரிசோதனைக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தக் கடைத் தூளை அன்றோடு எங்கள் வீட்டில் நிறுத்தினேன்.

முட்டைகள் இருந்தன. உருண்டைப் புழுவின் முட்டைகள், பாடப்புத்தகத்தில் போட்டிருப்பதைப் போல அவ்வளவு தெளிவாக. வாழ்க்கையில் ஒரு ரிப்போர்ட்டை அத்தனை சந்தோஷமாக நான் கொடுத்ததில்லை. அவர் படித்துப் பார்த்துவிட்டு மடித்து ஸ்பூன் இருக்கும் பையிலேயே வைத்தார்.

“இத்தன வருஷம் செடிய மட்டுந்தான் பொழைக்க வெக்கிறேன்னு நெனச்சேன். இது வேறயா” என்றார். மாத்திரை ஒன்று எழுதி வாங்கிப் போட்டுக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து டப்பாவைக் கேட்டார். நல்ல டப்பாவாம். சாயங்காலம் எதிர்வீட்டுச் செம்பருத்திக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் அப்பா ஒருநாள் என் அம்மாவின் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார்.

அம்மா திடீரென்று போனாள். அதற்கு முந்தின வாரம் வலங்கைமான் பக்கத்தில் எங்கள் சொந்த ஊர் ஆலயத்தில் பிரதிஷ்டைப் பண்டிகை. போகலாம் என்று அம்மா கேட்டாள். வெயிலாக இருக்கிறது, முட்டி வலிக்கிறது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், முகம் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் தீர்வதற்குள் ஒரு மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பண்டிகைக்குக் கூட்டிக்கொண்டு போகாத ஊருக்கு அடக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

அப்பா வாசல் இட்லிப்பூவில் பதியன் போட்டு, ஒரு கன்றைக் கொண்டுபோய்க் கல்லறையின் தலைமாட்டில் வைத்தார். அது நின்றதே தவிரப் பூக்கவில்லை. மஞ்சள் விழுந்தது. இலை சிறுத்தது. நுனி கருகியது. அப்பா போகும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் திருவிருந்தின் அப்பத்தை நாக்கில் வாங்க எல்லாரும் எழுந்து பீடத்தண்டை போகும்போது அவர் மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார். முட்டி வலி என்று நினைத்தேன். மாதக்கணக்கில் அப்படியே இருந்தார். போதகர் வந்து கேட்டார், அத்தை வந்து அழுது கேட்டார். ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒருநாள் நான் சண்டை போட்ட பிறகு என்னிடம் சொன்னார்.

“மனஸ்தாபத்தோட கர்த்தரோட பந்திக்குப் போகக் கூடாதும்மா. அவ கோவத்தோட போயிட்டா. இன்னும் தீரல. செடியப் பாக்கலியா நீ? வீட்டுல வெச்சது பூத்துக் கொட்டுது. அவகிட்ட வெச்சது கருகுது. நான் வெச்சது வேண்டாங்குறா.”

நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு டவுன் பஸ் ஓட்டிய மனிதர். ஒரு செடியைப் பார்த்து இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. செடிக்கு நோய், அவ்வளவுதான் என்றேன். அப்படியென்றால் முதலாளி வந்து சொல்லட்டும் என்றார். ஆள் அனுப்பி மண்ணை எடுத்து வரச் சொல்லலாம், நான் லேபில் தெரிந்தவர்களிடம் கொடுத்துப் பார்க்கிறேன் என்றேன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அந்த நாக்குதான் வேண்டும். இத்தனை வருஷத்தில் யாருக்காகவும் நல்ல வார்த்தை சொல்லாத நாக்கு.

எனக்கு அன்று வந்த அருவருப்பை எப்படிச் சொல்ல. அந்த ஸ்பூன். அந்த வாய். உள்ளே இருப்பது என் அம்மா. அங்கேயும் போய் ‘த்தூ’ என்று துப்புவார். துப்பினால் கையில் கிடைத்ததை எடுத்து அடித்துவிடுவேன் என்று அப்பாவிடம் சொன்னேன். வேண்டுமானால் நீ வராதே என்றார். வந்தேன்.

ஆவணி மாதம். பஸ்ஸை விட்டு இறங்கிக் குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டி, வாய்க்கால் வரப்போடு நடந்தோம். அம்மாவின் கோபத்தைப் பற்றி அப்பா உரக்கடைக்காரரிடம் பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார். எங்கள் கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். உரக்கடைக்காரருடைய ஆட்கள் எந்தக் காலத்திலும் தாண்டாத வாய்க்கால் அது. இடுகாட்டுக்குப் போனால் வீட்டுக்குள் நுழையுமுன் தலை முழுகுகிற குடும்பம் அவருடையது. அவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். வாயிலிருந்த வெற்றிலையை அதற்கு முன்பே வழியில் துப்பிவிட்டு, வாய்க்கால் தண்ணீரில் வாயைக் கொப்பளித்திருந்தார். மீசையையும் துடைத்திருந்தார். அதுவே எனக்கு ஆச்சரியம்தான்.

அம்மாவின் கல்லறை அந்தத் தோட்டத்திலேயே அதிக வெள்ளையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் வெள்ளையடிப்பார்கள், வருஷத்துக்கு ஒருதரம். அப்பா கிறிஸ்துமஸுக்கு, ஈஸ்டருக்கு, அம்மா பிறந்த நாளுக்கு, நினைவு நாளுக்கு என்று அடித்துக்கொண்டே இருந்தார். சுண்ணாம்பு அடிக்காமல் வீட்டில் பண்டிகை கொண்டாடக் கூடாது என்பவள் அம்மா. பெயின்ட் பிடிக்காது, சுண்ணாம்புதான் சுத்தம் என்பாள். அதனால் அப்பா கிளிஞ்சல் சுண்ணாம்பை வாங்கி அவரே நீற்றி, நீலம் கலந்து, கோட்டுக்கு மேல் கோட்டாக அடித்தார். பானையில் மிஞ்சியதைக் கொட்ட மனம் வராமல் செடியைச் சுற்றி ஊற்றினார். தரையும் வெள்ளையாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்குமாம். நினைவு நாள் முடிந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை.

இன்றைக்கு எழுதும்போது எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. அன்றைக்கு எங்களுக்குத் தெரியவில்லை. சுத்தமாக வைத்திருக்கிறோம் என்றுதான் நினைத்தோம்.

உரக்கடைக்காரர் நின்றபடியே செடியைப் பார்த்தார், கல்லறையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பார்த்த உடனேயே அவருக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைத் தரை கண்ணெதிரே கிடக்கிறது. அங்கேயே நின்று சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை, வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவர் கவனித்தார் என்று நினைக்கிறேன். மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பையிலிருந்து ஸ்பூனை எடுத்தார். நுனியில் அல்ல, கால் ஸ்பூன் அளவுக்கு அள்ளினார். நான் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தேன். மூட முடியவில்லை.

வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடினார். அவர் முகம் கோணியது. வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிவிட்டால் நாக்கு பொத்துப்போகுமே, அந்த வேதனை முகத்தில் தெரிந்தது. கண்ணோரத்தில் தண்ணீர் வந்தது. கன்னம் உப்பியது. துப்பப் போகிறார் என்று நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அவர் இந்தப் பக்கம் திரும்பினார், ஒரு கல்லறை. அந்தப் பக்கம் திரும்பினார், ஒரு குழந்தையின் சின்னக் கல்லறை. பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு அம்மாவின் பெயர் எழுதியிருந்த பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விழுங்கிவிட்டார். தொண்டைக்குழி ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.

“டிரைவர்” என்றார். குரல் கம்மியிருந்தது. “இதுல கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. சுண்ணாம்புதான் இருக்கு. நீங்க ஊத்துனது.”

அப்பா குனிந்து வெள்ளைத் தரையைத் தொட்டுப் பார்த்தார்.

“ஒங்க வீட்டம்மா கோவம் எனக்குத் தெரியாதா? எத்தன நாள் திட்டியிருக்காங்க. திட்டிட்டு உள்ள போயி காபி எடுத்துட்டு வருவாங்க. அவங்க செடிய வாட்டுற ஆளா? நீங்க சுத்தமா வெக்கிறேன்னு அதுக்குச் சாப்பாடு எறங்காம பண்ணிட்டீங்க. அம்புட்டுதான்.”

அப்பா கல்லறையின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். வேட்டியில் சுண்ணாம்பு ஒட்டியது. “அப்ப நான் அவளுக்கு என்னதான் செய்யறது?” என்று கேட்டார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது.

“புளிச்ச மோர ஊத்துங்க. நாறும். பரவால்ல, அவங்களுக்குப் பழக்கந்தான்” என்றார் அவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். நாக்கை உள்ளே புரட்டிக்கொண்டே வந்தார். நான் பாட்டில் தண்ணீரை நீட்டினேன். வாய் வைத்துக் குடித்தார். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அதில் நான் குடித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து தூக்கிப் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது அப்பாவின் கூத்து. தலைமாட்டில் இருந்த வெள்ளை மண்ணை எல்லாம் அவரே வழித்து எடுத்தார். உரக்கடைக்காரர் வல்லம் பக்கமிருந்து செம்மண் வரவழைத்துக் கொடுத்தார். வாரா வாரம் அந்த நீல டிரம்மிலிருந்து ஒரு கேன் நிரப்பிக்கொண்டு அப்பா வலங்கைமான் பஸ் ஏறினார். ஒருமுறை பாதி வழியில் கேன் மூடி கழன்றுவிட்டது. கண்டக்டர் விசில் ஊதி அவரைக் கேனோடு நடுரோட்டில் இறக்கிவிட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவரை, அதே ரூட்டில். அப்பா அதை வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் சட்டை, கை, தலை எல்லாம் அந்த நாற்றம். வீட்டிலும் ஏறிவிட்டது. நான் ஊதுவத்தி கொளுத்திக் கொளுத்தி ஓய்ந்துபோனேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கல்லறைத் திருநாளுக்குப் போனபோது எல்லாக் கல்லறையும் வெள்ளையாக இருக்க, அம்மாவுடையது மட்டும் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தது. சொந்தக்காரர்கள் அப்பாவைக் கேவலமாகப் பார்த்தார்கள். பொண்டாட்டி போனதும் மறந்தாச்சா என்று ஒரு கிழவி காது படவே கேட்டாள். அப்பா மெழுகுவத்தியைக் கொளுத்திவிட்டுச் செடியின் நுனியைத் தூக்கி எனக்குக் காட்டினார். புது இலை, எண்ணெய் தடவியது போல், நரம்பும் இலையும் ஒரே பச்சை. பூ இல்லை. ஆனால் அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

உரக்கடைக்காரர் இப்போது இல்லை. வயிற்றுக் கோளாறால் போகவில்லை, அதை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தூக்கத்தில் போனார். எரித்துவிட்டார்கள், அதனால் செடி வைக்கவும் இடமில்லை. அவர் மகன் அந்த டிரம்மைக் காலி செய்த அன்று தெருவில் யாரும் சாப்பிடவில்லை.

அந்தக் கல்லறைத் திருநாளுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தார்கள். பக்கத்தில் அசைவு தெரிந்து திரும்பினேன். அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். முட்டியைத் தேய்த்துக்கொண்டே நடந்து போய்ப் பீடத்தண்டை முழங்காலிட்டார். போதகர் அவர் முன்னால் வந்து ஒரு நிமிஷம் நின்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினார்.

எனக்கு அந்த ஸ்பூன் நினைவுக்கு வந்தது. ஏறி இறங்கிய அந்தத் தொண்டைக்குழியும். ஆலயம் என்றும் பார்க்காமல் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு குனிந்தேன். பக்கத்தில் இருந்த அத்தை நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார். நான் இல்லை என்று சொல்லவில்லை.